ஏழாம் இலக்க மெஷினின் பற்றறி

கடல் ஊருக்குள் வந்து போன அடுத்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு லப்ரொப் கணினிகள் வந்தன. வெளிநாட்டு அலுவலகம் ஒன்றில் பாவித்துக் கழித்தவை. கறுப்பு நிறம், நல்ல கனம். விசைகளில் எழுத்துகள் இடம் மாறியிருந்தன. 'வை' இருக்கவேண்டிய இடத்தில் 'இசட்' இருந்தது. அதனால் அந்த வருஷம் எங்கள் வகுப்பில் எல்லாருடைய ஆங்கிலக் கட்டுரைகளிலும் ஒரே பிழை இருந்தது.

உயர்தர வகுப்பில் நாங்கள் முப்பத்துநாலு பேர். மெஷின்களின் முதுகில் கணினி ரீச்சர் தன்னுடைய சிவப்பு நகப்பூச்சால் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை இலக்கம் போட்டார். வெள்ளிக்கிழமை முறைப்படி வீட்டுக்குக் கொண்டுபோகலாம், திங்கட்கிழமை காலையில் திருப்பி அலுமாரியில் வைக்க வேண்டும். இதுதான் திட்டம்.

திட்டம் போட்டவர்கள் சமாதான காலத்தில் போட்டார்கள். மெஷின்கள் வந்து ஆறு மாதத்தில் சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. வீதிக்கு வீதி சென்றி, ஆமிக்காரரின் சோதனைச் சாவடி. தமிழ்ப் பொடியன் ஒருவன் பையில் கொம்பியூட்டரோடு போனால் அவனை நிறுத்தாமல் யாரை நிறுத்துவார்கள்? அதற்காக அதிபர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். 'இந்த மாணவனிடம் உள்ள இந்த இலக்கமுடைய கணினி பாடசாலைக்குச் சொந்தமானது' என்று மூன்று மொழியிலும் அடித்து, பள்ளிக்கூட சீலும் ஆமி முகாமின் சீலும் குத்திய துண்டு.

துண்டில் எழுதிய இலக்கத்தில்தான் எல்லாம் தொடங்கியது. கிளார்க் ஐயா இலக்கங்களைப் பதிந்த அன்று, பாடத்துக்குப் பிந்தி வந்ததற்குத் தண்டனையாக நான் அவருக்கு உதவிக்கு விடப்பட்டிருந்தேன். ஒவ்வொரு மெஷினாகக் கவிழ்த்துப் பிடிப்பது என் வேலை. மெஷினின் சொந்த இலக்கம் இருந்த தாளை அந்த வெளிநாட்டு அலுவலகம் தன்னுடைய பெயரோடு சேர்த்து உரித்து எடுத்துவிட்டிருந்தது. பிசின் மட்டும்தான் மிச்சம். ஆனால் பக்கத்திலேயே வெள்ளைத் தாளில் நீளமான இலக்கம் ஒன்று பளிச்சென்று இருந்தது.

"வாசி," என்றார்.

"ஐயா, இது பற்றறியின்ர நம்பர். பற்றறி கழட்டலாம்," என்றேன்.

"அதை ஆரடா கழட்டப்போறான்? நம்பர் வேணும், நம்பர் இருக்கு. வாசி."

வாசித்தேன். அவர் எழுதினார். சென்றிக்காரர்களும் மெஷினைக் கவிழ்த்து அந்த வெள்ளைத் தாளைத்தான் பார்த்தார்கள். பல மாதம் பிழையில்லாமல் ஓடியது. இந்த விஷயம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். கிளார்க் ஐயா அன்றைக்கே மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. பிறகு நடந்ததைச் சொல்லும்போது எனக்குத் தெரியாது என்று என்னால் சொல்ல முடியாது.

பற்றறிகள் எல்லாம் கிழடு. மின்சாரம் நின்றால் பதினைந்து நிமிஷம் தாங்கும், இருபது நிமிஷம் தாங்கும். மெஷின்களோடு உபரியாக வந்து முற்றாகச் செத்துக் கிடந்தவற்றை ரீச்சர் ஒரு காட்போட் பெட்டியில் போட்டு அலுமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தார். ஏழாம் இலக்கத்தின் பற்றறி மட்டும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அந்த மெஷினை ரீச்சர் முறையில் விடாமல், வடக்கே மீன்பிடி ஊரான இறக்கக்கண்டியிலிருந்து வந்த பொடியனுக்கே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கொடுத்தார். கடல் வந்த பிறகு அவனும் தாயும் தகரக் கொட்டிலில் இருந்தார்கள். அங்கே கரண்ட் இல்லை. தகப்பன் இல்லை. அவன் வகுப்பில் முதலாவதாக வருபவன். எழுத்து மாறிய விசைப்பலகையிலும் பார்க்காமல் தட்டுவான். அவனுடைய விரல்கள் ஓடுவதைப் பார்க்க மற்ற வகுப்புப் பிள்ளைகள் யன்னலில் வந்து நிற்பார்கள்.

நான் நகரத்துக்குள், ஓர்ஸ் ஹில்லில் இருந்தேன். அம்மா ஒரு கந்தோரில் அலுவலர்களுக்குத் தேநீர் ஊற்றினாள். எங்கள் வீட்டில் கரண்ட் இருந்தது. கணக்குப் பாடத்தை இரண்டாம் தரம் எழுதித்தான் உயர்தரத்துக்கே வந்தேன். ஆனாலும் ஏழாம் இலக்கம் எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எரிச்சல் இருந்தது. அவனுக்கு 'மீன் மெஷின்' என்று பட்டம் வைத்தவன் நான்தான். அவன் வகுப்புக்குள் வந்தால் நான் மூக்கைப் பிடிப்பேன்.

"எடேய், கீபோட்டுக்குள்ள செதில் கிடக்குதாம். ரீச்சர், சூடை மீன் கிலோ என்ன விலையெண்டு கேட்டுச் சொல்லுங்கோ!"

வகுப்பு சிரிக்கும். அவனும் சில வேளை சிரிப்பான். ஒருநாள் மட்டும் திரும்பி, "உன்ர வீட்டை மீன் வாங்கிறேல்லையோ? தேத்தண்ணிக்குள்ளயோ பாண் தோய்ச்சுத் தின்னுறனீங்கள்?" என்று கேட்டான். அம்மாவின் வேலை அவனுக்குத் தெரியும். அன்றைக்கு வகுப்பு இன்னும் பெரிதாகச் சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அலுமாரிப் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. கிழமைக்கு ஒருவர் அலுமாரிக்குப் பொறுப்பு. என் வீட்டுக்கு வரவேண்டிய முறை நாலாம் இலக்கத்துக்கு. எனக்கும் கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் உள்துறைமுகப் பக்கத்துப் பாறையில் இருந்து ஒரு படம் பார்க்க வேண்டும். வீட்டில் பார்க்க முடியாத படம். அவ்வளவுதான் காரணம். ஒரு படம்.

மத்தியானம் அலுமாரியைத் திறந்து ஏழாம் இலக்கத்தின் பற்றறியைக் கழற்றினேன். பெட்டியிலிருந்த செத்த பற்றறி ஒன்றை அந்த இடத்தில் பூட்டினேன். கிளிக் என்று நன்றாகவே பொருந்தியது. பள்ளிக்கூடம் விட்டதும் இறக்கக்கண்டிப் பொடியன் ஓடிவந்தான். இரண்டரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், விட்டால் சென்றி மூடும் நேரமாகிவிடும். மெஷினை அவன் கையில் கொடுத்தேன். அவன் போட்டுப் பார்க்கவில்லை. துண்டு சட்டைப் பையில் இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்த்துவிட்டு ஓடினான்.

அவனுடைய பற்றறியை நாலாம் இலக்கத்தில் பூட்டி நாங்கள் படம் பார்த்தோம். பற்றறி கடைசிவரை நின்றது.

திங்கட்கிழமை காலையில் அவனுடைய தாய் அதிபரின் அறை வாசலில் நின்றாள். நான் நாலாம் இலக்கத்தைத் திருப்பி வைக்க வந்தவன், அதற்கு அதன் பழைய பற்றறியையே பூட்டியிருந்தேன். அவனுடைய பற்றறி என் பையின் அடியில், கொப்பிகளுக்குக் கீழே இருந்தது. ஏழாம் இலக்கம் வந்ததும் ரகசியமாக மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன். தாயைப் பார்த்ததும் வராந்தாத் தூணோடு நின்றுவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை பஸ்ஸால இறக்கினவங்கள் சேர். அந்தப் பெட்டியைப் போட்டுக் காட்டு எண்டிருக்கிறாங்கள். அது பத்தேல்லையாம். திருப்பிப் பாத்தா நம்பரும் வேறையாம். பஸ்ஸில வந்த சனம்தான் வந்து சொன்னது. ரெண்டு நாளும் கேம்ப் வாசல்லதான் நிண்டனான். உள்ளுக்கு விடுறாங்கள் இல்லை."

"அம்மா, இருங்கோ, கதிரையில இருங்கோ."

"நான் இருக்கேல்லை சேர். துண்டு நீங்கள் தந்ததுதானே? உங்கட சீல்தானே? ஒருக்கா வந்து 'இது எங்கட பிள்ளை' எண்டு சொல்லுங்கோவன். வேற ஒண்டும் சொல்லத் தேவையில்லை."

அதிபர் மேசையிலிருந்த பேனையை எடுத்து மூடியைப் பூட்டிக் கழற்றிப் பூட்டினார். அந்தக் கிழமைதான் வடக்கு வீதியில் கிளைமோர்க் கண்ணிவெடி ஒன்று வெடித்திருந்தது.

"நம்பர் பிழை எண்டா நான் போய் என்ன சொல்லுறது? என்ர சீல் குத்தின துண்டில பிழையான நம்பர் எண்டு என்னையும் இருத்திப்போடுவாங்கள். உங்கட மகன் மெஷினை எங்கையாவது மாத்தினவனோ எண்டு முதல்ல விசாரியுங்கோ."

"ஆரிட்டை விசாரிக்கிறது சேர்? அவன் உள்ளுக்கெல்லோ இருக்கிறான்."

அதிபர் பேனையைச் சட்டைப் பையில் செருகினார். தாய் வெளியே வந்தாள். தூணடியில் நின்ற என்னைப் பார்த்து, "தம்பி, நீங்கள் அவன்ர வகுப்போ?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

கணினி ரீச்சர் கெட்டிக்காரி. தாய் சொன்னதைக் கேட்டதும் நேரே அலுமாரிக்குப் போய் அடித்தட்டுப் பெட்டியை வெளியே இழுத்தார். செத்த பற்றறிகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. பிறகு நாலாம் இலக்கத்தைக் கவிழ்த்துப் பார்த்தார், துண்டுகளின் பிரதியைப் பார்த்தார். துண்டில் இருப்பது பற்றறியின் இலக்கம் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. வகுப்புக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"ஏழாம் நம்பரின்ர பற்றறியை ஆரோ எடுத்திருக்கிறியள். பகிடிக்கு எடுத்திருக்கலாம், படம் பாக்க எடுத்திருக்கலாம். எனக்கு அது தேவையில்லை. இப்ப நான் பத்து நிமிஷம் வெளியால போறன். வரேக்கை அது இந்த மேசையில இருக்கவேணும். நானே கொண்டுபோய்க் குடுத்து அவனைக் கூட்டிக்கொண்டு வருவன். ஆர் எண்டு கேக்கமாட்டன். என்ர பிள்ளையள் மேல சத்தியம்."

போனார். பத்து நிமிஷம் முப்பத்துமூன்று பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் பை காலுக்கிடையில் இருந்தது. எழும்பிப் போனால் எல்லாரும் பார்ப்பார்கள். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு ஒவ்வொருவராக விட்டிருந்தால் வைத்திருப்பேனோ என்று பின்னாளில் யோசித்ததுண்டு. வைத்திருக்க மாட்டேன். பற்றறி ரீச்சரோடு முகாமுக்குப் போனால், எடுத்தது யார் என்று அவர்கள் கேட்பார்கள். ரீச்சரின் சத்தியம் அங்கே செல்லாது.

ரீச்சர் திரும்பி வந்து வெறும் மேசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அலுமாரித் திறப்பு உன்னட்டைதானே இருந்தது?"

"ஆணியில கொழுவித்தான் வைச்சனான் ரீச்சர். ஆரும் எடுத்திருக்கலாம்."

அன்று பின்னேரம் பாறைக்குப் போய்ப் பற்றறியை உள்துறைமுகத்துக்குள் எறிந்தேன். அந்த இடத்தில் கரையிலேயே ஆழம். கப்பல் வந்து நிற்கும் கடல். சின்னச் சத்தம்தான் கேட்டது. மனம் லேசாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ரீச்சர் பற்றறி இல்லாமலேயே மறுநாள் முகாமுக்குப் போனார். தனியப் போகப் பயந்து கிளார்க் ஐயாவைக் கூட்டிப்போனார். புதன்கிழமை வகுப்புக்கு வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"கேம்ப் பெரியவர் நான் சொன்னதைக் கேட்டவர். நல்லாத்தான் கதைச்சவர். அந்த நம்பர் உள்ள பற்றறியைக் கொண்டுவா, பூட்டிப் பாப்பம், பத்தினா பொடியனைக் கொண்டுபோ எண்டு சொன்னவர். அவ்வளவுதான் கேக்கிறாங்கள், பிள்ளையள். ஒரு பற்றறி. இண்டைக்குக் குடுத்தா இண்டைக்கு விடுவாங்கள்."

இப்படி ஒரு விலை சொல்வார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை. மத்தியானமே பாறைக்குப் போனேன். தண்ணீர் கறுப்பாக இருந்தது. அந்தப் பக்கத்தில் யாரும் குளிக்கக்கூடாது, நீந்துகிறவனைக் கண்டால் சுடுவார்கள். போட்டிருந்த சேட்டைக் கழற்றினேன். ஒரு ரோந்துப் படகு தூரத்தில் திரும்பியது. சேட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன்.

ரீச்சரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். 'நான்தான் எடுத்தேன், கடலில் எறிந்துவிட்டேன்' என்று நான் எழுதிக் கொடுத்த ஒரு தாள் அந்தப் பற்றறிக்குப் பதிலாகப் போயிருக்கும். போகாமலும் விட்டிருக்கலாம். நான் எழுதவில்லை.

அவனை இருபத்திரண்டு நாள் வைத்திருந்தார்கள். தாய் ஒவ்வொரு நாளும் முகாம் வாசலில் நின்றாள் என்று பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் சொன்னார்கள். பிறகு எந்தக் காரணமும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். மெஷின் திரும்பவில்லை.

வகுப்புக்கு வந்த அன்று அதிபர் அவனை முதலில் கந்தோருக்குக் கூப்பிட்டார். பாடசாலை உடைமை ஒன்றைத் தொலைத்ததற்குப் பொறுப்பேற்கிறேன் என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் வகுப்பில் இருக்கலாம் என்றார். அவன் இடது கையால் கையெழுத்து வைத்தானாம். வலது கையில் நடு மூன்று விரலும் மடங்கவில்லை. பிரம்புபோல் நேராக நின்றன. ரீச்சர் அவனைக் கண்டதும் வகுப்பை விட்டு வெளியே போய்விட்டார். மிச்சம் பதினொரு மெஷினும் அலுமாரியில் பூட்டப்பட்டு, திறப்பு அதிபரிடம் போனது. அதன் பிறகு அவற்றை யாரும் வெளியே எடுத்ததாக எனக்குத் தெரியாது.

இடைவேளையில் தண்ணீர்ப் பைப்படியில் அவன் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றான். இடது கையைக் குவித்துத் தண்ணீர் குடித்தான். வாயைத் துடைத்தான்.

"நீதான் எடுத்தனி."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? திறப்பு ஆணியில..."

"நான் உன்னட்டைக் கேக்கேல்லை. சொல்லுறன். நீதான் எடுத்தனி. அவங்களுக்கும் சொன்னனான்."

பைப் ஓடிக்கொண்டிருந்தது. நான் பூட்டவில்லை.

"என்ன சொன்னனி?"

"பேர். முழுப் பேர். கொப்பன்ர பேரோட. ஓர்ஸ் ஹில், கோயிலடி ஒழுங்கை எண்டும் சொன்னனான். ஒரு கொப்பியில எழுதினவங்கள். ரெண்டு தரம் கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் எழுதினவங்கள்."

"பொய்."

"ஓம், பொய்யெண்டு வைச்சுக்கொள்." சிரித்தான். "மீன் மணக்குதோ?"

அன்று முழுக்க எனக்குப் பின்வரிசை வாங்கில் அவன் உட்கார்ந்திருந்தான். ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். மடங்காத மூன்று விரலையும் மேசையில் வைத்துவிட்டு இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடிந்ததும் அம்மாவிடம் பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டுக் கந்தளாய் பஸ்ஸில் ஏறினேன். பையில் கொப்பிகளுக்குப் பதிலாக இரண்டு சேட், ஒரு சாரம். முதல் சென்றியில் எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையை வாங்கியவன் என் பெயரை வாய்விட்டு வாசித்தான், எழுத்துக்கூட்டி, மெதுவாக. மேசையில் ஒரு கொப்பி இருந்தது. அதைப் புரட்டினான். நான் கால் மாற்றி மாற்றி நின்றேன். பக்கத்தில் நின்ற கிழவர், "சலம் அடக்கேலாட்டிச் சொல்லு தம்பி, நான் கேட்டுப் பாக்கிறன்" என்றார். கொப்பியை மூடிவிட்டு அட்டையைத் தந்தான். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ சென்றி. ஒவ்வொன்றிலும் கொப்பி இருந்தது. ஒவ்வொரு தரமும் நான் கால் மாற்றி நின்றேன்.

கந்தளாயில் அரிசி ஆலை ஒன்றில் உமி அள்ளும் வேலை கிடைத்தது. யாரும் பள்ளிக்கூடம் பற்றிக் கேட்கவில்லை. நெல் அவிக்கும் கொதிகலனுக்குப் பக்கத்தில் படுத்தேன். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஆலைக்கு முன்னால் இருந்த கடையிலிருந்து அம்மாவின் கந்தோருக்கு ஃபோன் எடுத்தேன். எடுத்த எடுப்பிலேயே அழுதாள். பிறகு ஏசினாள். ஏசி முடித்ததும் கேட்டேன்.

"என்னைத் தேடி ஆரும் வந்தவையோ?"

"ஆர் வாறது? ஒரு நாய் வரேல்லை. உன்ர கூட்டாளியளும் வரேல்லை." கொஞ்சம் யோசித்தாள். "ஓ, அந்த இறக்கக்கண்டிப் பொடியன் வந்தவன். கை ஏலாத பிள்ளை. நல்ல மரியாதை. வாசல்ல செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் வந்தவன். நீ எங்கை எண்டு கேட்டவன்."

"நீ என்ன சொன்னனி?"

"எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்ல. 'அவன் கதைச்சா வரச்சொல்லுங்கோ அம்மா, நான் சும்மா பகிடிக்குச் சொன்னனான், ஒருத்தரிட்டையும் ஒண்டும் சொல்லேல்லை' எண்டு சொல்லச் சொன்னவன். என்னடா பகிடி? ரெண்டு பேரும் என்ன செய்தனீங்கள்? சோதினை வருகுது, வாடா. பள்ளிக்கூடத்தில உன்ர பேர் இன்னும் கிடக்காம்."

பைப்படியில் சொன்னது பொய்யாக இருந்தால், நான் ஒன்றும் இல்லாததற்குப் பயந்து ஓடிவந்து உமி அள்ளிக்கொண்டிருக்கிறேன். பைப்படியில் சொன்னது உண்மையாக இருந்தால், இப்போது அம்மாவிடம் சொன்னதுதான் பொய். என்னைத் திருப்பி வரவழைப்பதற்கான பொய். இருபத்திரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தவன் இரண்டில் எதையும் செய்யலாம். இரண்டுக்கும் அவனுக்கு உரிமை இருந்தது. அவனிடம் போய்க் கேட்பது ஒன்றுதான் வழி. கேட்பதென்றால் வடக்கு வீதியின் நாலு சென்றியையும் தாண்டி இறக்கக்கண்டிக்குப் போக வேண்டும், கொட்டிலில் அந்தத் தாய்க்கு முன்னால் நிற்க வேண்டும்.

"என்னடா, கேக்குதோ? எப்ப வாறாய்?"

"இஞ்ச வேலை கிடக்கு அம்மா. அறுவடை வருகுது. பிறகு பாப்பம்."

"எங்கையடா இருக்கிறாய்? அதையாவது சொல்லு. அந்தப் பொடியன் திரும்ப வந்தா என்ன சொல்லுறது?"

இடத்தைச் சொல்லவில்லை. வெளிநாடு போய்விட்டேன் என்று அவனிடம் சொல்லச் சொன்னேன். ஃபோனை வைத்துவிட்டு, அந்தக் கிழமைச் சம்பளத்தைக்கூட வாங்காமல், கந்தளாயை விட்டும் போய்விட்டேன்.